பழஞ்சீன நாவலில் யார் யாரை எப்படி அழைக்கிறார்கள்? சமூக மொழியியல் வழியில் படிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சீன இலக்கியத்தைச் சமூக மொழியியல் கண்ணோடு படிக்கத் தொடங்குகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்னபடியே விட்டிருக்கிறோம்.

எடுத்துக்காட்டுகளில் பெரும்பகுதி 18-ஆம் நூற்றாண்டில் ட்சாவ் ஷுவேசின் எழுதிய 'ஹோங் லோ மெங்' நாவலிலிருந்து வருகிறது. இங்கே அதைச் 'செம்மாடக் கனவு' என்று குறிக்கிறோம். 'ஷுவெய் ஹு ச்சுவான்' என்ற கொள்ளைக்கூட்ட நாவல் 'நீர்க்கரை'. செம்மாடக் கனவைப் படிக்காதவர்களுக்கு: ஜியா என்ற பெருங்குடும்பத்தின் கதை அது. பாவ்யூ வீட்டின் செல்லப்பிள்ளை. தாய்யூவும் பாவ்சாயும் அந்த வீட்டில் தங்கியிருக்கும் உறவுப் பெண்கள். ஷிஃபெங் நிர்வாகம் பார்க்கும் மருமகள். ஷிரென், சிங்வென் இருவரும் பாவ்யூவின் பணிப்பெண்கள்.

சமூக மொழியியல்னா தெருவுக்குப் போய், மைக் வைத்து, ஆட்களைப் பேசவைத்துப் பதிவு செய்வதுதானே? செத்துப்போனவர்களை எப்படிப் பேட்டி எடுப்பது?

பேட்டி எடுக்க முடியாது. ஆனால் இந்தத் துறையின் அடிப்படைக் கேள்வி மைக்கைப் பற்றியது அல்ல. ஒரே விஷயத்தைச் சொல்ல இரண்டு வழி இருக்கும்போது யார், யாரிடம், யார் முன்னால், எந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதே கேள்வி. அந்தத் தேர்வு ஏட்டிலும் பதிந்து கிடக்கிறது. கையில் இருக்கும் மோசமான தரவை நன்றாகப் பயன்படுத்தும் கலையே வரலாற்று மொழியியல் என்று சமூக மொழியியலாளர் லபோவ் சொன்னார். நாம் செய்யப்போவதும் அதுதான்.

நாவல் உரையாடல் ஒலிப்பதிவு ஆகாது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஒரு பாத்திரம் பேசுவது, 'இப்படிப்பட்ட ஆள் இப்படித்தான் பேசுவார்' என்று எழுத்தாளரும் அவர் காலத்து வாசகரும் சேர்ந்து நம்பியதன் பதிவு. ஆகவே '1750-இல் பணிப்பெண்கள் இப்படிப் பேசினார்கள்' என்று முடிவு எழுதாதீர்கள். 'பணிப்பெண் பேச்சு என்றால் இது என்று கருதப்பட்டது' என்பது வரைக்கும்தான் நம் சான்று போகும்.

எந்த நூலில் ஆரம்பிப்பது நல்லது? தாங் கவிதை எடுக்கலாமா?

கவிதையைத் தொடாதீர்கள், குறைந்தது முதல் வருடம். யாப்புக்காகச் சொல் மாறியதா, ஆளுக்காக மாறியதா என்று பிரிக்கவே முடியாது.

செம்மாடக் கனவு பேச்சுநடை நாவல். ஒரே வளாகத்துக்குள் பாட்டி, மருமகள், வைப்பாட்டி, தாதி, பணிப்பெண், கணக்குப்பிள்ளை, ஏழை உறவினர் எனப் பல படிநிலை ஆட்கள் ஓயாமல் பேசிக்கொள்கிறார்கள். 120 அத்தியாயத்தையும் எடுக்க வேண்டாம். 3, 6, 20, 27, 31, 52, 63 ஆகிய ஏழும் போதும்.

முதலில் எண்ண ஆரம்பிக்கணுமா, படிச்சு முடிக்கணுமா?

எண்ணுவதற்கு முன்னால் 'பேச்சைப் பற்றிய பேச்சு' வரும் இடங்களைத் தேடுங்கள். பாத்திரங்களே ஒருவர் பேச்சை இன்னொருவர் கண்டிக்கிற, கிண்டலடிக்கிற, திருத்துகிற இடங்கள் இவை. எந்தச் சொல் கனமானது, எதைச் சொன்னால் வம்பு என்பதை அந்தக் காலத்து ஆளே சொல்லிவிடுகிறார். எண்ணிக்கை பிற்பாடு வரட்டும். இதைத் தவிர்த்துவிட்டு நேரே எண்ணப் போனவர்களின் அட்டவணையில் எண் நிறைய இருக்கும், எதை அளந்தோம் என்பதுதான் இருக்காது.

6-ஆம் அத்தியாயத்தில் லியூ பாட்டி என்ற நாட்டுப்புறக் கிழவி பேரனைக் கூட்டிக்கொண்டு ஷிஃபெங்கிடம் உதவி கேட்டு வருகிறாள். பேரனைக் காட்டி 'உன் அண்ணன் பிள்ளை' என்கிற உறவுமுறையில் பேசுகிறாள். வெளியே வந்ததும், அவளை உள்ளே அழைத்துப்போன ஷோ ருய்யின் மனைவி பிடித்துக்கொள்கிறாள்: 'என் தாயே, வாயைத் திறந்ததுமே உன் அண்ணன் பிள்ளையா? சொந்த அண்ணன் பிள்ளையாகவே இருந்தாலும் கொஞ்சம் பணிவாகச் சொல்லக் கூடாதா? ரோங் ஐயா அல்லவா அவளுக்கு முறையான பிள்ளை!' அந்தக் குடும்பத்தோடு பழைய உறவு ஒட்டு ஒன்று இருப்பது உண்மை. ஆனால் இருப்பது வேறு, அதை வாயால் உரிமை கொண்டாடுவது வேறு. அந்த இடைவெளியை இப்படி ஒரு வேலைக்காரி வாயால் கேட்டபின் உறவுச்சொற்களை எண்ண உட்காருங்கள்.

31-ஆம் அத்தியாயம் இன்னும் கூர்மை. பாவ்யூவுக்கும் சிங்வென்னுக்கும் சண்டை. சமாதானம் செய்ய வந்த ஷிரென், 'தங்கச்சி, நீ கொஞ்சம் வெளியே போய்வா, நாங்கள் செய்ததுதான் தப்பு' என்கிறாள். சிங்வென் அந்த ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொள்கிறாள். 'நாங்களா? யார் அந்த நாங்கள்? முறையாக ஒரு தகுதி கூட இன்னும் கிடைக்கவில்லை, நீயும் என்னைப் போலத்தானே, அதற்குள் நாங்கள் வந்துவிட்டதா?' ஒரு பன்மைப் பெயர், எஜமானோடு தன்னைச் சேர்த்துக்கொண்ட ஒருத்தியை அம்பலப்படுத்திவிடுகிறது. நூலாசிரியரே இடையில் புகுந்து, அந்தச் சொல் பாவ்யூவையும் ஷிரென்னையும் குறித்தது என்று விளக்குகிறார்.

அட்டவணையில் என்னென்ன பத்தி வைக்கணும்?

ஒரு வரிக்கு ஒரு பேச்சு. பத்திகள்: பதிப்பு, அத்தியாயம், பேசுபவர், கேட்பவர், உடன் இருப்பவர்கள், இடம், அழைப்புச்சொல், அது கூப்பிடும் விளியா வாக்கியத்துக்குள் வரும் சுட்டா, நேர்ப்பேச்சா பிறர் சொன்னதைத் திருப்பிச் சொல்வதா, கேட்டவரின் எதிர்வினை. வயது, பாலினம், தகுதி போன்றவற்றை இதில் கலக்காதீர்கள். பாத்திரங்களுக்கென்று தனித் தாள் ஒன்று வைத்துப் பெயரால் இணையுங்கள். இல்லாவிட்டால் பணிப்பெண் ஒருத்தியின் தகுதி நடுவில் உயரும்போது இருநூறு வரிகளைத் திருத்த நேரும்.

'உடன் இருப்பவர்கள்' பத்தியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அதன் விலை கீழே 63-ஆம் அத்தியாயத்தைப் பார்க்கும்போது தெரியும். முதல் 100 பேச்சை இரண்டு பேர் தனித்தனியே குறித்து ஒப்பிடுங்கள். கோஹனின் காப்பா (இருவர் குறித்தது எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் எண்) 0.8-க்குக் கீழே வந்தால் பெரும்பாலும் தவறு உங்கள் வரையறையில் இருக்கிறது. ஆட்களை மாற்றிப் பயனில்லை, வரையறையை மாற்றுங்கள்.

நெட்டில் கிடைக்கிற மூலத்தை அப்படியே இறக்கிக்கொள்ளலாமா?

இறக்கலாம், ஆனால் எந்தப் பதிப்பு என்று தெரியாமல் ஒரு சொல்லையும் எண்ணாதீர்கள். செம்மாடக் கனவின் கையெழுத்துப் படிகளில் ஜியாஷு (1754) 16 அத்தியாயம் மட்டும் கொண்டது. கெங்சென் (1760) 78 அத்தியாயம், 64-உம் 67-உம் இல்லை. அதில் 17-உம் 18-உம் பிரிக்கப்படாமல் ஒன்றாகக் கிடக்கின்றன. இந்த ஆண்டுகள் மூலப்படிக்கு உரியவை, கையில் இருப்பவை அவற்றின் நகல்கள். 120 அத்தியாயங்களோடு அச்சில் வந்தவை செங் வெய்யுவானும் காவ் அ-வும் வெளியிட்ட 1791, 1792 பதிப்புகள். 1792 பதிப்பில் பேச்சுநடை கூட்டப்பட்டிருக்கிறது. அதை வைத்து ட்சாவ் ஷுவேசினின் பேச்சுநடையை அளந்தால், பதிப்பாசிரியரின் கையை அளந்தவர் ஆவீர்கள்.

இணைய மூலம் நவீனமாக்கப்பட்டதா என்று அரை நிமிடத்தில் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. 'அவள்' என்பதற்கு, பெண்ணைக் குறிக்கும் எழுத்துக்கூறு சேர்த்து எழுதும் 'தா' எழுத்தைத் தேடுங்கள். பழைய சீனத்தில் அவன், அவள் இரண்டுக்கும் ஒரே 'தா' எழுத்துதான். பெண்ணுக்கான தனி எழுத்து 1920-ஐ ஒட்டிப் பரவியது. அது ஒரு இடத்தில் அகப்பட்டாலும் யாரோ கைவைத்திருக்கிறார்கள். 'எது' என்று கேட்கும் 'நா'வுக்கு வாய்க்குறி சேர்த்த எழுத்து இருந்தாலும் அப்படியே.

மேற்கோள் குறிகளும் நம் காலத்தவை. மூலத்தில் 'தாவ்' (சொன்னாள்), 'ஷியாவ் தாவ்' (சிரித்துச் சொன்னாள்) போன்ற சொற்களே பேச்சின் தொடக்கத்தைக் காட்டும். பேச்சு எங்கே முடிகிறது என்பது பதிப்பாசிரியரின் ஊகம். ஐயமான இடத்தில் இரண்டு நவீனப் பதிப்புகளை ஒப்பிட்டு, அவை முரண்பட்டால் அந்த வரியை எண்ணிக்கையிலிருந்து தள்ளிவையுங்கள்.

'நீங்கள்' மாதிரி சீனத்திலும் மரியாதைச் சொல் உண்டே, 'நின்'. அதை எண்ணினால் போதாதா?

தேடிப் பாருங்கள், ஒன்றும் வராது. இன்றைய பெய்ஜிங் பேச்சின் மரியாதை 'நின்' செம்மாடக் கனவில் இல்லை. அது பிற்காலத்து வழக்கு. பாட்டியிடமும் 'நீ', பணிப்பெண்ணிடமும் 'நீ'. (சீனத்திலும் 'நீ' என்றால் நீதான். தற்செயலான ஒலி ஒற்றுமை, அதிலிருந்து வரலாறு எழுதப் புறப்பட வேண்டாம்.)

தமிழரும் பிரெஞ்சுக்காரரும் பிரதிப்பெயரில் வைக்கும் மரியாதையைச் சீனர் அழைப்புப்பெயரில் வைத்தார்கள். மேலோரிடம் பேசும்போது 'நீ'யை விழுங்கிவிட்டுப் பட்டத்தையோ உறவுமுறையையோ அங்கே வைப்பார்கள். ஆகவே எண்ண வேண்டியது 'நீ' வந்த இடத்தை மட்டும் அல்ல, 'நீ' வந்திருக்கக்கூடிய இடத்தில் எது வந்தது என்பதை. பதிலிச் சொல்லும் எண்ணிக்கையில் சேராவிட்டால் சதவீதத்துக்குப் பொருளே கிடையாது.

'நீ' புண்படுத்தும் என்ற உணர்வு புதிதும் அல்ல. பிறர் தன்னை 'அர்', 'ரு' என்று ஒருமையில் விளிப்பதை ஏற்க மறுக்கும் மனத்தைப் பற்றிக் கன்பூசியச் சிந்தனையாளர் மென்சியஸ் பேசுகிறார். கி.மு. 4-ஆம் நூற்றாண்டுச் சங்கதி அது.

நாம், நாங்கள் வேறுபாடு சீனத்தில் இருக்கா?

வடசீனப் பேச்சில் இருக்கிறது. கேட்பவரையும் சேர்த்தால் 'ட்ஸான்மென்', அதாவது நாம். 'வோமென்' பொதுவாகக் கேட்பவரை விலக்கும் நாங்கள். இந்த வேறுபாட்டைத் தமிழ் வாசகர் பிறவியிலேயே பழகியிருக்கிறார். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல்லாகிவிடுவதால், மேலே சொன்ன 31-ஆம் அத்தியாயச் சண்டையின் முனை அங்கே மழுங்கும். ஷிரென் சொன்னது 'வோமென்'. சிங்வென்னை வெளியே நிறுத்திய சொல் அது. தமிழில் 'நாங்கள்' என்று போட்டாலே கதவைச் சாத்திய சத்தம் கேட்கிறது.

தாய்யூ, பாவ்சாய் ரெண்டு பேருமே முறைப்பெண்தானே? ஏன் இவ்வளவு பேதம்?

நம் முறையை அங்கே ஏற்றுகிற இடம் இதுதான். தாய்யூ பாவ்யூவின் அத்தை மகள். பாவ்சாயின் தாய் பாவ்யூவின் தாயோடு பிறந்த தங்கை, ஆகவே அவள் சித்தி மகள். தமிழ்க் கணக்கில் சித்தி மகள் உடன்பிறந்தவள், கல்யாணப் பேச்சே எழாது. சீனக் கணக்கில் இருவரும் 'பியாவ்' என்ற ஒரே வகை, இருவரையும் மணக்கலாம். அப்பாவோடு பிறந்த ஆண்களின் பிள்ளைகள்தான் 'தாங்', அவர்கள் ஒரே குலப்பெயர் கொண்டவர்கள், மணக்கக் கூடாது. பாவ்சாயைத் தமிழ் மனத்தால் 'அக்கா' என்று படித்தவர்களுக்கு நாவலின் பாதி பதற்றம் புரியாமலே போகும்.

அந்த வகைக்குள்ளும் தூரம் உண்டு. 20-ஆம் அத்தியாயத்தில் பாவ்யூ தாய்யூவைச் சமாதானப்படுத்தும்போது, நாம் அத்தை-மாமன் வழி, பாவ்சாய் சித்தி வழி, உறவில் அவள் உன்னைவிடத் தள்ளி என்கிறான். அங்கே அவன் வாயில் வருவது 'ட்ஸான்மென்'.

வேலைக்காரி எஜமானைப் பேர் சொல்லிக் கூப்பிடுறா, யாரும் கோபப்படலை. இன்னொரு இடத்தில் எஜமான் வேலைக்காரியைப் பேர் சொன்னதுக்கு அவன் திட்டு வாங்குறான். முரணா இருக்கே?

முரண் இல்லை, இரண்டு விதிகள் குறுக்கிட்டுக்கொள்கின்றன. 52-ஆம் அத்தியாயத்தில் வேலை போன சிறுமி ஒருத்தியின் தாய், சிங்வென் பாவ்யூவைப் பேர் சொல்லி அழைத்ததைக் குற்றமாகச் சொல்கிறாள். சக பணிப்பெண் ஷ-யுவே பதில் சொல்கிறாள்: பிள்ளை பிழைத்து வளர வேண்டும் என்று பாட்டியம்மாவே அவன் பெயரை எழுதி எங்கும் ஒட்டி, எல்லோரும் கூப்பிடட்டும் என்றார். தண்ணீர் சுமப்பவனும் மலம் அள்ளுபவனும் பிச்சைக்காரனும் கூப்பிடலாம், நாங்கள் கூப்பிடக் கூடாதா? நேற்று ஒருத்தி 'யே' (ஐயா) என்று சொன்னதற்குப் பாட்டியம்மா கடிந்துகொண்டார். (பிச்சை, குப்பு என்று பெயர் வைத்துப் பிள்ளையைக் காத்த ஊரில் இதற்கு விளக்கம் வேண்டியதில்லை.) பிறகு அவள் குத்துகிறாள் பாருங்கள்: வருடமெல்லாம் மூன்றாம் வாசலுக்கு வெளியே கிடப்பவளுக்கு உள்வீட்டு வழக்கம் எப்படித் தெரியும்? அதாவது விதியை அறிந்திருப்பதே ஒரு தகுதி.

63-இல் இதற்கு மறுபக்கம். இரவு ரோந்து வரும் லின் வீட்டம்மா, பாட்டியம்மா அறையிலிருந்து வந்த பணிப்பெண்களைப் பாவ்யூ 'அக்கா' என்னாமல் பேர் சொல்வதைக் கண்டிக்கிறாள். பணிப்பெண்ணின் தகுதி அவளுடையது அல்ல, அவளை அனுப்பிய மூத்தவருடையது. உடனே பெண்கள் அவனைக் காப்பாற்றுகிறார்கள்: விளையாட்டில் ஒன்றிரண்டு முறை பேர் சொல்வார், ஆட்கள் முன்னால் பழையபடி அக்காதான். 'உடன் இருப்பவர்கள்' பத்தி எதற்கு என்று கேட்டவர்களுக்கு இந்த வரியே பதில்.

பெயரைச் சொல்லக் கூடாது என்ற விலக்கு பத்தி என்ன செய்யலாம்?

அதையும் மாறியாக (ஆளுக்கு ஆள் மாறுவதை எண்ணிப் பார்க்கும் கூறாக) எடுக்கலாம், நல்ல விளைச்சல் தரும். 2-ஆம் அத்தியாயத்தில் சிறுமி தாய்யூ 'மின்' என்ற எழுத்தை 'மி' என்று படிக்கிறாள், எழுதும்போது ஒன்றிரண்டு கோடு குறைக்கிறாள். அது அவள் தாயின் பெயர். 27-இல் ஹோங்யூ என்ற பணிப்பெண், பெயரில் இருக்கும் 'யூ' பாவ்யூவோடு மோதுவதால் அதைக் கழற்றிவிட்டு ஷியாவ்ஹோங் ஆகிறாள்.

சுவையான விஷயம், கதைக்குள் தாய்யூ செய்ததையே நாவலைப் படியெடுத்தவர்களும் செய்தார்கள். ஜிமாவ் (1759) படியில் 'ஷியாங்', 'ஷியாவ்' என்ற எழுத்துகள் சில இடங்களில் கடைசிக் கோடு இன்றி இருக்கின்றன. இளவரசர் யீ குடும்பத்தின் யுன்ஷியாங், ஹோங்ஷியாவ் பெயர்களின் எழுத்துகள் அவை. அதை வைத்து 1975-இல் அறிஞர்கள் அந்தப் படி இளவரசர் யீ மாளிகையில் உருவானது என்று காட்டினார்கள். இதற்கு அச்சுப் பதிப்போ இணைய மூலமோ உதவாது, நிழற்படப் பதிப்பு வேண்டும்.

பெண்கள் பேச்சுன்னு தனியா ஒண்ணு இருக்கா? ஆண் எழுதினதை வெச்சு அதைச் சொல்லலாமா?

பெண்கள் எப்படிப் பேசினார்கள் என்பதைச் சொல்ல முடியாது. பெண் எப்படிப் பேச வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது, யார் அதை மீறினார்கள் என்பதை நன்றாகச் சொல்லலாம். 27-இல் ஷிஃபெங், வார்த்தையை இரண்டு மூன்று துண்டாக இழுத்து, எழுத்தைக் கடித்துக் கடித்துப் பேசும் பணிப்பெண்களைக் கண்டால் பற்றி எரிகிறது என்கிறாள். 'கொசு மாதிரி முனகினால்தான் அழகியா?' என்று தன் பணிப்பெண் பிங்அரையே கேட்டாளாம். அப்படியானால் முனகல் ஒரு மதிப்புள்ள நடை, அதை வெறுப்பது நிர்வாகியின் நடை. பெண்களுக்குள்ளேயே இரண்டு நடை மோதுகிறது. 'ஆண் எதிர் பெண்' என்ற ஒற்றைக் கோட்டில் இது அடங்காது.

வட்டார வழக்கைக் கண்டுபிடிக்க முடியுமா?

நூல் தானே சொல்லும் இடங்களில் முடியும். 3-ஆம் அத்தியாயத்தில் எல்லோரும் மூச்சடக்கி நிற்கும் கூடத்துக்குள் ஷிஃபெங் சத்தமாகச் சிரித்துக்கொண்டு வருகிறாள். பாட்டி அவளைத் தாய்யூவுக்கு அறிமுகம் செய்யும்போது, 'தென் மாகாணத்தில் லாட்ஸி என்பார்களே, அதுதான் இவள்' என்கிறார். லாட்ஸி என்றால் காரம், மிளகாய்க்காரி. ட்சாவ் குடும்பம் பல்லாண்டு நான்ஜிங்கில் அரண்மனைத் துணி அதிகாரிகளாக இருந்து, சொத்துப் பறிமுதலுக்குப் பின் 1728-இல் பெய்ஜிங் வந்தது. தெற்கும் வடக்கும் நூலில் கலந்து கிடப்பது வியப்பில்லை. ஒற்றைச் சொல்லை வைத்து 'இது தென்னவர் நூல்' என்று தீர்ப்பு எழுதுவதுதான் தவறு.

நீர்க்கரையில் வட்டாரம் பாத்திரத்தின் சட்டை போல. லு ஷ்ஷிஷென் தன்னை 'ஸாஜியா' என்கிறான், மேற்குச் சீனத்தின் குவான்ஷி படைவீரனின் தன்மைச் சொல். வு சோங் 'ஆன்', சோங் ஜியாங் பணிவான 'ஷியாவ்கெ', பான் ஜின்லியன் 'நுஜியா'. தமிழில் எல்லாம் 'நான்' ஆகிவிடும்.

தனிமனிதக் குறையை வட்டாரம் என்று எண்ணிவிடாதீர்கள். 20-இல் இன்னொரு உறவுப் பெண் ஷியாங்யுன் 'அர்' (இரண்டாவது) அண்ணனை 'ஆய்' அண்ணன் என்கிறாள், 'ஆய்' என்றால் அன்பு. தாய்யூ உடனே, காய் உருட்டும்போது 'ஒண்ணு, அன்பு, மூணு' என்று எண்ணுவாயா என்று கேலி செய்கிறாள். இது நாக்குக் குழறல். ஊருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இதெல்லாம் மேற்கத்திய முறைதானே? சீனர்கள் இப்படிப் பார்த்ததே இல்லையே?

ஜின் ஷெங்தான் (1608–1661) நீர்க்கரைக்கு எழுதிய உரையைப் பாருங்கள். பான் ஜின்லியன் கணவனின் தம்பி வு சோங்கை மயக்கப் பார்க்கும் காட்சியில் அவள் அவனை ஓயாமல் 'ஷுஷு' (கொழுந்தன்) என்கிறாள். பாதி குடித்த கிண்ணத்தை நீட்டும்போது சட்டென்று 'நீ' என்கிறாள். ஜின் ஷெங்தான் அங்கே எழுதுகிறார்: இதுவரை 39 முறை ஷுஷு என்றாள், இங்கே திடீரென்று ஒரு 'நீ', என்ன நுட்பமான கை! வு சோங் மறுக்கும்போதும் 'அண்ணி' என்ற முறைச்சொல்லை விடவில்லை என்பதையும் கவனியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஜின் ஷெங்தான் பழைய படி கிடைத்ததாகச் சொல்லிக்கொண்டு நூலைத் தானே வெட்டித் திருத்தியவர். அவருடைய 70 அத்தியாயப் பதிப்பில் இந்தக் காட்சி 23-ஆம் அத்தியாயம், 100 அத்தியாயப் பதிப்பில் 24. மற்றப் பதிப்பில் எண்ணி 39 வராவிட்டால் பதற வேண்டாம்.

பேச்சுநடை நாவலுக்கு முந்தைய செவ்வியல் நூல்களில் இதைச் செய்ய முடியுமா? அங்கே எல்லாமே இலக்கிய நடையாச்சே?

கடினம், ஆனால் 5-ஆம் நூற்றாண்டு 'ஷ்ஷிஷுவோ ஷின்யூ' என்ற துணுக்குத் தொகுப்பு விதிவிலக்கு. அதில் வாங் ரோங்கின் மனைவி கணவனைச் 'சிங்' என்று விளிக்கிறாள். கீழோருக்கும் நெருங்கியவர்க்கும் உரிய சொல் அது. மரியாதை இல்லை என்று அவர் தடுக்க, நான் உன்னைச் சிங் என்னாவிட்டால் வேறு யார் சொல்வது என்கிறாள். அதிகாரமும் நெருக்கமும் ஒரே சொல்லுக்குப் போட்டியிடுவதை 1960-இல் பிரவுனும் கில்மனும் ஐரோப்பியப் பிரதிப்பெயர்களில் காட்டினார்கள். அதே இழுபறி இங்கே கட்டிலறையில் நடக்கிறது. அந்நூலிலேயே வாங் தாவ் என்ற அமைச்சரைப் பார்த்துவிட்டு வந்த லியூ தான், 'விசேஷம் ஒன்றுமில்லை, வூ வட்டாரப் பேச்சு பேசுகிறார்' என்கிறார். வடக்கிலிருந்து ஓடிவந்த அரசின் தலைமை அமைச்சர் தென்னாட்டுப் பேச்சைப் பேசுவது செய்தியாகிவிட்டது.

செம்மாடக் கனவிலும் செவ்வியல் நடை வருகிறது, அது வரும் இடத்தைக் குறியுங்கள். அரசருக்கு வாழ்க்கைப்பட்ட மகள் யுவான்சுன் 17-18-இல் வீட்டுக்கு வரும்போது, தந்தை திரைக்கு வெளியே நின்று தன்னை 'குடிமகன்' என்று சொல்லிக்கொண்டு இலக்கிய நடையில் பேசுகிறார். அதே மகள் பாட்டியிடமும் தாயிடமும் அழும்போது பேச்சுநடை.

எண்ணினேன், ஆனால் எண்கள் கன்னாபின்னான்னு வருது. எங்கே தப்பு?

பெரும்பாலும் மூன்று இடம். முதலாவது, சீன எழுத்தில் சொல்லிடைவெளி இல்லை. 'யே' என்று தேடினால் 'லாவ்யே', 'அர்யே' எல்லாம் சேர்ந்து வரும். நீண்ட வடிவங்களை முதலில் எண்ணிக் கழித்துவிட்டுப் பிறகு குட்டையானதை எண்ணுங்கள். இரண்டாவது, திருப்பிச் சொல்லும் பேச்சு. 27-இல் ஷியாவ்ஹோங் பிங்அர் சொன்ன செய்தியை ஒப்பிக்கும்போது 'நைநை' (எஜமானியம்மா) பத்து முறைக்கு மேல் வருகிறது, நாலைந்து வீட்டு எஜமானிகளைக் குறித்து. கேட்ட இன்னொரு மருமகள் லி வான் தலைசுற்றிப் போகிறாள். அந்த ஒரு பத்தியைக் கவனிக்காமல் விட்டால் ஷியாவ்ஹோங்தான் நாவலின் மகா பணிவுக்காரி என்று முடிவு வரும்.

மூன்றாவது, வகுக்கும் எண். ஒருத்தி 40 பேச்சில் 10 முறை ஒரு சொல்லைச் சொல்கிறாள், இன்னொருத்தி 400 பேச்சில் 20 முறை என்று வையுங்கள். இரண்டாமவள் எண் பெரிது, ஆனால் 5 சதவீதம்தான். முதலாமவள் 25. ஆள் வாரியாக அல்ல, இணை வாரியாக (இன்னார் இன்னாரிடம்) வகுங்கள். 20 பேச்சுக்குக் குறைந்த இணைக்குச் சதவீதம் எழுதாதீர்கள், காட்சியைச் சொல்லுங்கள்.

கடைசி 40 அத்தியாயத்தை எழுதினது வேறு ஆளான்னு இதை வெச்சுச் சொல்ல முடியுமா?

முதல் 80-ஐ எழுதியவர்தான் கடைசி 40-ஐயும் எழுதினாரா என்று பார்ப்பது வேறு வேலை. எழுதுபவர் அறியாமல் விழும் துணைச்சொற்களை அங்கே எண்ணுவார்கள். நாம் எண்ணுவது தெரிந்து தேர்ந்தெடுத்த சொற்களை. அந்த வேலையிலும் விடை ஒன்றாக இல்லை. 1952-இல் சீன மொழி அறிஞர் கார்ல்கிரென் ஒரே ஆசிரியர் என்றார், 1987-இல் லி ஷியான்பிங் 47 துணைச்சொற்களைக் கணினியில் எண்ணிப் பலர் கை என்றார். உங்கள் அட்டவணையில் 80-க்கு முன், பின் என்று ஒரு பத்தி சேர்க்கலாம். வேறுபாடு வந்தால் ஆசிரியர் மாறினாரா, கதை மாறியதா, பதிப்பு மாறியதா என்ற மூன்றையும் தனித்தனியே விலக்கிய பிறகு பேசுங்கள்.

எனக்குச் சீனம் தெரியாது. மொழிபெயர்ப்பை வெச்சுச் செய்யலாமா?

எண்ணிக்கை கூடாது. ஒரு புகழ்பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பு பணிப்பெண்களின் பெயர்களைப் பொருள்படுத்தி ஆங்கிலச் சொற்களாக்கிவிட்டது. எஜமானர் பெயர்கள் சீன ஒலியிலேயே இருக்கின்றன. அந்தத் தகுதிக் கோடு மொழிபெயர்ப்பாளர் போட்டது. ஆனால் பேச்சைப் பற்றிய பேச்சு வரும் காட்சிகள் மொழிபெயர்ப்பிலும் பெருமளவு பிழைத்துவிடும். அவற்றைத் தொகுக்கலாம்.

சீனம் அறிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் 63-ஆம் அத்தியாயத்தில் லின் வீட்டம்மா உள்ளே வந்தது முதல் கிளம்பியது வரை மட்டும் எடுங்கள். பாவ்யூ பணிப்பெண்களை அழைக்கும் ஒவ்வொரு சொல்லையும் அவள் வருமுன், இருக்கையில், போனபின் என்று மூன்று பத்தியில் இடுங்கள். சனி, ஞாயிறில் முடிந்துவிடும்.